இருநூறில் எண்பத்தேழு

வாத்தியத்தின் தலையில் இன்னொருவருடைய கையெழுத்து.
பொன் மசியில், சாய்வாக,
கடைசி எழுத்தின் வால் முறுக்காணி வரைக்கும் நீண்டு.
இருநூறு செய்தார்களாம். என்னுடையது எண்பத்தேழாவது.
இருநூறிலும் அந்த வால் ஒரே நீளம்.

ஓல்ட்டன் வங்கியில் இருந்த பிள்ளை
என் கையெழுத்தை இரண்டுதரம் திருப்பிப் பார்த்தாள்.
பழையதோடு பொருந்தவில்லையாம்.
மூவாயிரத்து இருநூறு பிராங்க், தவணைக் கடன்.
இன்னொரு தாள் தந்தாள். அதுவும் பொருந்தவில்லை.
ஐந்தாவதில் அவளே களைத்து
முத்திரை குத்தினாள்.

பேஸ் கிட்டார்.
பாசி பிடித்த தண்ணீர்த்தொட்டியின் பச்சை.
நாலரைக் கிலோ; வார் அழுத்திய தோள்
குளிக்கும்போதும் சிவந்திருக்கும்.
அந்த மனிசனுக்குச் சுட்டுவிரல் கட்டையாம்,
அதற்காகக் கழுத்தை ஒடுக்கி இழைத்திருக்கிறார்கள்.
நேரில் காணாத ஒருவரின் குறை
என் கைக்கு அளவாக இருந்தது.

ஒலியைக் கூராக்கும் குமிழ் அவருக்குப் பிடிக்காது.
ஆகவே குமிழே இல்லை.
எனக்கு அது வேண்டும்.
சிலநேரம் என் விரல்
அது இருக்கவேண்டிய வெறும் மரத்தில் போய்த் தடவித் திரும்பும்.
"கலியாணமும் இப்படித்தான்" என்றாள் நிரோஜினி,
கீபோர்ட் வாசிப்பவள், இரண்டுதரம் கட்டினவள்.

ஒத்திகை ரெட்டோவின் கட்டடத்துக்குக் கீழே, பங்கரில்.
இந்த நாட்டில் கட்டடத்துக்குக் கட்டடம் கட்டி வைத்திருக்கிறார்கள்,
வராத சண்டைக்கு.
அரை முழக் கதவு. உள்ளே பனிச்சறுக்கு மட்டைகள்,
வைன் போத்தல்கள், நாங்கள் நால்வர்.
தாழ்கம்பியை அவிழ்த்துவிட்டால்
காதுக்கு முன்னம் போத்தல்களுக்குத் தெரிந்துவிடும்.
அருள்நேசன் முதல் நாள் கதவைச் சாத்த விடவில்லை.
ஏன் என்று கேட்டான் ரெட்டோ.
"காற்று" என்றான்.
பிறகு பாடினான்.

திரிம்பாக்கில் ஒரு சாமத்திய வீடு.
பாடசாலை மண்டபம், கூடைப்பந்து வளையத்தில் பலூன்கள்.
பாடுகிறவனைப் பார்த்தார்கள், டிரம்ஸைப் பார்த்தார்கள்,
நிரோஜினியின் சேலைக் கரையைப் பார்த்தார்கள்.
பிரியாணி வந்த நேரத்தில்
ஒரு சின்னப் பொடியன் ஓடிவந்து என் வயரில் தடுக்கினான்.
விரல்கள் நிற்கவில்லை. சத்தம் மட்டும் இல்லை.
ஆடியவர்களின் கால்கள்
ஒன்றிடம் ஒன்று வழி கேட்டன.
முன்வரிசை மாமி ஒருவர் எழும்பி,
"என்ன, கரண்ட் போட்டுதோ?" என்றா.
விளக்கெல்லாம் எரிந்துகொண்டுதான் இருந்தன.

கையெழுத்து நல்லாயிருந்தால்
தலையெழுத்து நல்லாயிராது என்பார்கள்.
இதற்குக் கையெழுத்தே தலையில்.
எது எதைக் கெடுக்கும்?
போன மாதம் ரயில் கதவில் இடிபட்டு
அந்த வாலில் நகக்கண் அளவு பெயர்ந்துபோனது.
விலை பாதி போச்சு என்றான் ரெட்டோ.
இனி இருநூறிலும் இப்படி ஒன்றுதான்.

எனக்கு இரவு வேலை, ரயில் பட்டறையில்.
சில்லுகளை மெஷின் பார்த்துவிடும்.
ஆனாலும் சுத்தியலால் ஒருதரம் தட்டிக்
காது கொடுத்துக்கொண்டே நடப்பேன்.
நல்ல சில்லு நீளமாகச் சொல்லும்.
வெடிப்பு விட்டது சட்டென்று வாய் மூடும்.
இன்று விடிய நாலு மணிக்கு ஒன்று
என் தாழ்கம்பிக்கு ஒரு நூல் மேலே நின்று ஒலித்தது.
அது முடியும்வரை நின்றேன்.
பிறகு சோக்கால் அதில் என் எழுத்தைக் கிறுக்கினேன்,
ஒரு சுழி, இரண்டு கோடு,
நேற்றையதைப் போல இல்லை.

ஐந்து இருபதுக்கு அந்த வண்டி பாசல் போகிறது.
வெளியே மழை.